நண்பருக்கு டிசைன் செய்து கொடுத்தால் எவ்வளவு வாங்குவது?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தட்டுவடை செட் வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரி நண்பன் சொன்னான்: "மாப்ள, வெள்ளிக் கொலுசு வியாபாரம் ஆரம்பிக்கிறேன். லோகோ, கார்டு, டப்பா எல்லாம் நீதான். காசெல்லாம் பார்த்துக்கலாம்." நானும் "அதுக்கென்னடா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

அந்த 'பார்த்துக்கலாம்' 43 நாள் இழுத்தது. 17 முறை திருத்தம். அச்சகத்துக்கு என் கையிலிருந்து 4,600 ரூபாய் போனது. வந்தது ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ். இதில் அவன்மேல் எனக்கு வருத்தம் இருந்ததே தவிர, உண்மையில் தப்பு என்னுடையது. இந்த வேலைக்கு ஒரு தொகை இருக்கிறது என்று நான் ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாத தொகையை அவன் எப்படிக் கொடுப்பான்?

சேலத்தில் புதிதாகத் தனியாக டிசைன் வேலை எடுக்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பத்து வாடிக்கையாளர்களில் ஏழெட்டுப் பேர் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் இது பின்னால் பார்த்துக்கொள்கிற விஷயம் இல்லை. முதல் வாரமே முடிவு செய்ய வேண்டியது.

1. தெரியாதவருக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நண்பர் விலை என்பது முழு விலையிலிருந்து கழிப்பது. முழு விலையே தெரியாவிட்டால் கழிக்க என்ன இருக்கிறது? ஒரு காகிதத்தில் உங்கள் மாதச் செலவை எழுதுங்கள். நான் தொடங்கியபோது எழுதியது இது:

- வீட்டுக்குக் கொடுப்பது: 18,000
- வேலை செய்யும் அறைக்கு வாடகைப் பங்கு: 6,000
- கரண்ட், இன்டர்நெட்: 1,500
- சாஃப்ட்வேர், எழுத்துரு: 2,000
- கம்ப்யூட்டர்: 72,000 ரூபாய்க்கு வாங்கியது, மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 2,000
- மருத்துவக் காப்பீடு, சேமிப்பு: 3,500

மொத்தம் 33,000. வருடத்துக்கு 3,96,000.

அடுத்து மணிக்கணக்கு. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 208 மணி என்று போடாதீர்கள். போன் பேசுவது, அச்சகத்துக்குப் போய்ப் பிளேட் பார்ப்பது, பணம் கேட்டு நடப்பது எல்லாம் போக, காசு வருகிற நேரம் மாதம் 100 மணி தேறினால் பெரிது. வருடத்தில் இரண்டு மாதம் வேலையே இருக்காது. கல்யாணப் பத்திரிகையை நம்பி இருந்தால் ஆடியும் மார்கழியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆக, பத்து மாதம், 1,000 மணி. 3,96,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 396. மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

இது லாபம் இல்லை. கடன் இல்லாமல் மாதத்தை ஓட்டுவதற்கான தொகை மட்டும். உங்கள் எண் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

ஒரு லோகோவுக்கு எனக்கு 15 மணி ஆகும்: பேச 2, கையால் வரைந்து பார்க்க 5, கம்ப்யூட்டரில் ஏற்ற 4, திருத்தத்துக்கு 3, கோப்புகளைத் தயார் செய்ய 1. ஆக 6,000 ரூபாய். இப்படி நீங்கள் அடிக்கடி செய்கிற ஐந்தாறு வேலைகளுக்கு விலை எழுதி ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் முகத்தைப் பார்த்து விலை சொல்கிற பழக்கம் அன்றோடு போய்விடும்.

2. விசேஷமா, வியாபாரமா என்று பிரியுங்கள்

நண்பர் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தங்கை கல்யாணப் பத்திரிகை, குழந்தைக்குக் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாண பேனர் எல்லாம் விசேஷம். அதிலிருந்து அவர் சம்பாதிக்கப்போவதில்லை. கடை லோகோ, மாம்பழப் பெட்டி, ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள், ஏற்காட்டு ஹோம்ஸ்டேவுக்கு போர்டு எல்லாம் வியாபாரம். அவர் வெல்டருக்கும் பெயிண்டருக்கும் கடை அட்வான்ஸுக்கும் பணம் கொடுத்துத்தான் தொடங்குகிறார். உங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

விசேஷ வேலையை நான் மொய்யாகவே வைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு 2,000 ரூபாய் வைக்கிற உறவென்றால், பத்திரிகை டிசைனை மொய்யாகச் செய்து கொடுத்துவிட்டு, அதைச் சொல்லியும் விடுகிறேன். சொல்லாமல் விட்டால் டிசைனும் போய், மண்டபத்தில் கவரும் போகும். மொய் நோட்டில் சொம்பு, பித்தளைக் குத்துவிளக்கு என்று பொருளையும் எழுதுகிற ஊர் இது. டிசைனை எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

3. ஆட்களை மூன்று வரிசையாக எழுதுங்கள்

மனதில் இருந்தால் போதாது, எழுதுங்கள். என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

முதல் வரிசையில் ஐந்து பெயர் மட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்து வருகிறவர்கள். இவர்களுக்கு வருடத்துக்கு ஒரு வேலை இலவசம். இரண்டாவது வேலையிலிருந்து இரண்டாம் வரிசை விலை.

இரண்டாம் வரிசை: நிஜமான நண்பர்கள், நெருங்கிய சொந்தம். முழு விலையில் 25 சதவீதம் கழிவு. 6,000 ரூபாய் லோகோ 4,500.

மூன்றாம் வரிசை: நண்பரின் நண்பர், மாமாவின் பார்ட்னர், பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வருடம் கூடப் படித்து இப்போது போன் செய்பவர். முழு விலை. "நம்ம பையன்தான், பார்த்துப் போட்டுக்கொடு" என்று நடுவில் ஒருவர் சொன்னாலும் முழு விலைதான்.

பாதி விலைக்குச் செய்யலாமா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் அதுதான் மோசமான இடம். முழு இலவசம் என்றால் கொடுத்தோம் என்ற நிறைவாவது இருக்கும். பாதி விலையில் அதுவும் இருக்காது, கட்டுபடியும் ஆகாது. மூன்றாவது திருத்தத்திலேயே எரிச்சல் வந்துவிடும். போதாக்குறைக்கு, வாங்கினவர் வெளியே போய் "அவன் 3,000-க்குப் பண்ணுவான்" என்று நல்ல மனதோடு விளம்பரம் செய்வார். அடுத்து வருகிற பத்துப் பேரும் அதே விலைக்கு நிற்பார்கள்.

4. கழிவு ரூபாயில் மட்டும்

நண்பர் என்பதால் குறைவது விலை. முன்பணம், திருத்த எண்ணிக்கை, தேதி இவை எதுவும் மாறக் கூடாது. நான் முன்பு தலைகீழாகச் செய்தேன்: விலையும் குறைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தம், ராத்திரி பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப். அந்தக் கொலுசு வேலையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது 60 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. லோகோவுக்கான 6,000 ரூபாயை அவன் கொடுத்திருந்தால்கூட மணிக்கு நூறு தேறியிருக்காது.

அதே மாதிரி, நண்பர் வேலையைக் கடைசியாகச் செய்யலாம் என்று தள்ளுவதும் தப்பு. காசு வாங்கினால் தேதியும் கொடுக்க வேண்டும்.

5. கேட்ட 24 மணி நேரத்துக்குள் தொகையைச் சொல்லுங்கள்

வேலை நேரில் வரும், கூச்சமும் நேரில்தான் வரும். அதனால் நேரில் "சந்தோஷம்டா, விவரம் எல்லாம் அனுப்பு, இன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டு அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு எழுத்தில் அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மாப்ள, கடைக்கு வாழ்த்து. லோகோவுக்கு நான் வெளியே வாங்குவது 6,000. உனக்கு 1,500 கழித்து 4,500. இதில் மூன்று மாதிரி, இரண்டு முறை திருத்தம் அடக்கம். அச்சுச் செலவு தனி, நேரா பிரஸ்ஸுக்குக் கொடுத்துடு. பாதி அனுப்பினதும் ஆரம்பிக்கிறேன், அதிலிருந்து 12 நாள்ல முடிச்சுடுவேன். சரின்னா ஒரு ஓகே போடு."

முழு விலையைச் சொல்லிவிட்டுக் கழிப்பதைக் கவனியுங்கள். வெறும் 4,500 என்று சொன்னால் அதுதான் உங்கள் விலை என்று நினைப்பார், அதிலும் குறைக்கச் சொல்வார்.

வயதில் பெரியவர் என்றால் வார்த்தை மாறும், எண் மாறாது. "அண்ணா, வழக்கமா 6,000 வாங்கறேங்க. உங்களுக்கு 4,500 போட்டிருக்கேன். பாதி முன்னாடி அனுப்பிட்டீங்கன்னா வேலையை எடுத்துடுவேங்க." இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வருவதற்குள் "இல்லைன்னா நீங்க பார்த்துக் கொடுங்க" என்று நீங்களே இறங்கிவிடாதீர்கள். நான் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று எண்ணவே வெட்கமாக இருக்கிறது.

பட்ஜெட் இல்லை என்று சொன்னால் வேலையைக் குறையுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். மூன்று மாதிரிக்குப் பதில் ஒன்று, லோகோவுக்குப் பதில் கடைப் பெயரை நல்ல எழுத்தில் அமைத்துக் கொடுப்பது, இப்படி. திறந்த உரிமத்தில் பலூ தம்பி, ஹிந்த் மதுரை, கேட்டமரன் என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைப் பலகைக்கும் பயன்படுத்தலாம். மூன்று மணி வேலை, 1,200 ரூபாய்.

6. ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு

ஒப்பந்தம் என்று சொன்னால் நண்பர் மிரண்டுவிடுவார். நான் 'வேலைக் குறிப்பு' என்று பெயர் வைத்து பி.டி.எஃப். ஆக அனுப்புகிறேன். அதில் இருக்க வேண்டியவை: என்னென்ன செய்கிறேன், எத்தனை மாதிரி, எத்தனை திருத்தம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, என்ன கோப்புகள் கொடுப்பேன், தேதி, தொகை, யார் 'சரி' சொல்வது.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. நண்பர் சரி என்பார், பார்ட்னர் நிறம் மாற்றச் சொல்வார், வீட்டில் மாமனார் வாஸ்து பார்ப்பார். மூன்று பேரும் சேர்ந்து பேசி ஒருவர் வழியாகத்தான் திருத்தம் வர வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பதிப்புரிமைக்கு ஒரு வரி சேருங்கள். நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு இல்லை என்பதால், லோகோவின் பதிப்புரிமை பொதுவாக வரைந்த உங்களிடம்தான் முதலில் இருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். கடை லோகோவை ஐந்து வருடத்துக்குக் கொடுப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. "முழுத் தொகையும் வந்தபின் இந்த லோகோவின் உரிமை முழுக் காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும் உங்களுக்கு" என்று எழுதிவிட்டு, பணம் வந்தபின் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வணிகக்குறியாகப் பதிவு செய்ய ஆசைப்பட்டால், தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் வகைக்கு) 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். அது அவர் செலவு. உங்கள் விலைக்குள் வராது என்று சொல்லிவிடுங்கள்.

7. அச்சுக்குக் கைக்காசு போடாதீர்கள்

என் 4,600 இதில்தான் போனது. "நீ குடுத்துடு, சாயங்காலம் ஜிபே பண்றேன்." எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை.

பிரஸ்காரருக்கு உங்களைத்தான் தெரியும். நண்பர் தராவிட்டால் உங்களிடம்தான் கேட்பார், உங்கள் பெயர்தான் கெடும். அச்சகத்திடமிருந்து விலையை நண்பர் பெயருக்கே வாங்கிக் கொடுங்கள், பணம் நேரே போகட்டும். பிரஸ்ஸில் நின்று நிறம் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்தை உங்கள் கணக்கில் சேருங்கள். விலைக்கு வாங்கும் எழுத்துரு, போட்டோ எல்லாம் இதே மாதிரிதான்.

அச்சுக்குப் போகும் முன் கடைசி மாதிரியை அனுப்பி, "பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் பார்த்துட்டேன், அச்சடிக்கலாம்" என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் குதறிப்போகும். எழுத்தைக் கோடுகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அது உங்கள் பொறுப்பு. எண் தப்பாக இருந்தால் அவர் பொறுப்பு. காபி பாக்கெட், தட்டுவடை பாக்கெட் மாதிரி உணவு லேபிள் என்றால் இன்னும் கவனம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை, அதிகபட்ச விலை எல்லாவற்றையும் அவரே எழுத்தில் தர வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் ஆயிரம் பாக்கெட் குப்பை.

ஏற்காட்டில் வேலை வந்தால் பயணத்தையும் எழுதுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, காபித் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு இறங்கினால் ஒரு நாள் முடிந்தது. நண்பர் அதை விருந்து என்று நினைப்பார். நீங்கள் அதை நான்கு மணி நேர வேலை என்று எழுதுங்கள், மீதியை விருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

8. முன்பணம், பில், வரி

பாதி முன்பணம். வராமல் ஃபைலைத் திறக்க வேண்டாம். மீதி வந்தபின்தான் கோரல் டிரா மூலக்கோப்பு. அதுவரை பார்க்க மட்டும் சிறிய படம்.

இலவசமாகச் செய்தாலும் பில் போடுங்கள். "லோகோ 6,000, நட்புக் கழிவு 6,000, தர வேண்டியது 0." இந்தப் பூஜ்ய பில்லை முதலில் என் அக்கா பார்த்துச் சிரித்தாள். ஆனால் அதை வாங்கிய நண்பர் இரண்டாவது வேலைக்கு அவராகவே "எவ்வளவு?" என்று கேட்டார்.

பில்லில் வரிசை எண், தேதி, உங்கள் பான் எண், வங்கி விவரம் இருக்கட்டும். வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வாங்கவும் கூடாது. நண்பருடைய கம்பெனி டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் பயப்பட வேண்டாம், கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். பான் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். ஜிபேயில் அனுப்பச் சொல்லும்போது பில் எண்ணையும் குறிப்பில் போடச் சொல்லுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து எது வேலைக் காசு, எது சினிமா டிக்கெட் காசு என்று பிரிப்பது பெரிய தலைவலி.

9. பணம் வரவில்லையா

வேலை கொடுத்த அன்றே பில். ஏழாம் நாள் ஒரு நினைவூட்டல், பதினைந்தாம் நாள் ஒரு போன். இரண்டையும் காலண்டரில் முன்பே குறித்துவிடுங்கள். தேதி வந்தால் கேட்பது என்று வைத்துக்கொண்டால் கூச்சம் பாதி குறையும். கேட்கும்போது விளக்கம் வேண்டாம். "மாப்ள, பில் 14-ல 2,250 பாக்கி, இந்த வாரம் அனுப்பிடறியா?" போதும். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், மூன்றாம் ஆள் முன்னால் கேட்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் (Udyam) பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் நீங்களே செய்யலாம். பதிவு இருந்தால் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நண்பன்மேல் நான் அதைத் தூக்க மாட்டேன். மூன்றாம் வரிசை ஆட்களுக்கு பில் அடியில் ஒரு வரியாக இருந்தால் வேலை செய்கிறது.

10. ஏற்கெனவே இலவசமாகப் பழக்கிவிட்டிருந்தால்

பழைய கணக்கைக் கிளறாதீர்கள். புது வேலை கேட்கும்போது, "தை மாசத்துல இருந்து எல்லோருக்கும் பில் போட ஆரம்பிச்சுட்டேன்டா, உனக்குக் கால்வாசி கழிவு" என்று சொல்லி, ஐந்தாவதில் எழுதிய அந்தச் செய்தியை அனுப்புங்கள். சிலர் வரமாட்டார்கள். எனக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். ஒருவர் இப்போதும் பார்த்தால் பேசுகிறார், ஒருவர் பேசுவதில்லை.

கொலுசு நண்பன் போன ஐப்பசியில் கேட்லாக் கேட்டான். 9,600, கழிவு போக 7,200 என்று அனுப்பினேன். நாலு மணி நேரம் பதிலே இல்லை; எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு 3,600 வந்தது, கூடவே "அந்தப் பழைய பிரஸ் காசு எவ்வளவுடா?" என்று ஒரு கேள்வி. 4,600 என்று அனுப்பினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்லாக் குறித்த தேதிக்கு அச்சுக்குப் போய்விட்டது.